கண்ணாடியின் கதை – 19: வெறும் சட்டங்களை நிரப்பியவர்கள்

போர் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஷார்த்ரு பேராலயத்தின் சன்னல்களை 1939இல் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்துப் பத்திரப்படுத்தியதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்த முன்யோசனை எல்லா ஊருக்கும் வாய்க்கவில்லை. 1945இல் பீரங்கிகள் ஓய்ந்தபோது பல ஊர்களில் கல் நின்றது, கண்ணாடி போயிருந்தது. குண்டு நேராகக் கூரைமேல் விழ வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்துத் தெருவில் வெடித்தாலே அதிர்வில் ஈயப்பட்டை வளைந்து கண்ணாடி உதிர்ந்துவிடும். பிரான்சிலும் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் எத்தனையோ தேவாலயங்கள் பலகை அடைத்த சன்னல்களோடு ஆண்டுக்கணக்கில் நின்றன.

அந்த ஓட்டைகளை எதை வைத்து அடைப்பது? பழைய வரைபடங்கள் கிடைத்தால் பார்த்து அப்படியே நகல் எடுக்கலாம். கையில் காசில்லை என்றால் வெள்ளைக் கண்ணாடியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம். அல்லது, உயிரோடிருக்கும் ஓவியர் ஒருவரைக் கூப்பிட்டு, "இது உங்கள் காலத்துச் சன்னல், நீங்களே செய்யுங்கள்" என்று ஒப்படைக்கலாம். மூன்றும் நடந்தன. மூன்றாவது வழியில் போனவர்களின் கதை இந்த அத்தியாயம்.

சன்னலின் வேலை என்ன என்பதில் அதுவரை யாருக்கும் பெரிய சந்தேகம் இருந்ததில்லை. படிக்கத் தெரியாதவனுக்கும் விவிலியக் கதை புரிய வேண்டும், புனிதரின் முகம் தெரிய வேண்டும், பணம் கொடுத்தவரின் சின்னம் ஒரு மூலையில் இருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டுப் பட்டறைகள் இதையே அச்சு வார்த்ததுபோல் செய்து தள்ளின. போருக்குப் பின் வந்தவர்கள் இந்த வேலையைத் தொடரவில்லை. பலருக்குக் கடவுள் நம்பிக்கையும் கிடையாது. ஆனால் இந்தப் புதிய சன்னல்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, நம்பிக்கை உண்டா இல்லையா என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. கட்டடம் சொன்னதைக் கேட்டவர்கள் தேறினார்கள். தன் ஓவியத்தைக் கொண்டுவந்து சட்டத்தில் மாட்டியவர்கள் தேறவில்லை. இதுதான் என் கணக்கு. ஒத்துவராத இடங்களும் உண்டு, வரும்போது சொல்கிறேன்.

முதலில் கதவைத் திறந்துவிட்டவர் ஒரு துறவி. மரி-அலேன் கூட்யூரியே, டொமினிக்கன் சபையைச் சேர்ந்தவர். துறவறம் பூணுவதற்கு முன் வண்ணக்கண்ணாடி வேலையைக் கற்றவர். 'லார் சாக்ரே' என்ற கலை இதழை நடத்தியவர்களில் ஒருவர். திறமையில்லாத பக்தனைவிடப் பக்தியில்லாத மேதை தேவாலயத்துக்கு நல்லது என்பது அவருடைய வாதம். அன்றைய கத்தோலிக்கச் சூழலில் இதைச் சொல்லவே துணிச்சல் வேண்டும். அவர் சொன்னதோடு நிற்கவில்லை. ஆல்ப்ஸ் மலையில் காசநோய் மருத்துவமனைகள் நிறைந்த அஸ்ஸி என்ற ஊரின் தேவாலயம் 1950இல் அர்ச்சிக்கப்பட்டபோது, அதில் பக்தரான ரூவோவின் கண்ணாடியும் கம்யூனிஸ்டான லெஜேயின் மொசைக்கும் யூதர்களான சகால், லிப்ஷிட்ஸ் ஆகியோரின் வேலைகளும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியது. ஜெர்மேன் ரிஷியே என்ற பெண் சிற்பி செய்த சிலுவையில் இயேசுவின் உருவம் சிதைந்திருக்கிறது என்று அடுத்த ஆண்டே ஆயர் அதை அகற்றச் சொன்னார். வண்ணக்கண்ணாடிகளில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை.

1951இல் வான்ஸ் என்ற ஊரில் ஓவியர் மத்தீஸ் கட்டிமுடித்த சிற்றாலயம் இந்தக் கதவு திறந்ததன் நேரடி விளைவு. அவரை நோயில் கவனித்துக்கொண்ட இளம்பெண் பின்னாளில் கன்னியாஸ்திரீ ஆனாள், அந்த நட்பில் தொடங்கிய வேலை அது. மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்றே நிறங்கள். சிவப்பு கிடையாது. வெள்ளை ஓடுகள் பதித்த சுவரில் கறுப்புக் கோடுகளில் சித்திரங்கள். அவற்றின்மேல் சன்னல் வழியாக நிறம் வந்து விழுகிறது. அங்கே சுவரும் சன்னலும் ஒரே ஆள் யோசித்தவை என்பதால் சிக்கலே எழவில்லை. சிக்கல் பழைய கட்டடங்களில்தான்.

இரண்டு புதுக் கட்டடங்களை மட்டும் சொல்லிவிட்டு அங்கே போவோம். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் எரித்த கவென்ட்ரி பேராலயத்தின் இடிபாட்டை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் பேசில் ஸ்பென்ஸ் கட்டிய புதிய பேராலயம் 1962இல் திறக்கப்பட்டது. அங்கே ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை வளைந்து நிற்கும் சன்னல், ஜான் பைப்பர் வரைந்து பேட்ரிக் ரெய்ன்டியன்ஸ் செய்தது. உருவம் ஒன்றுகூட இல்லை. நடுவில் வெள்ளையும் மஞ்சளும் வெடித்துப் பரவ, ஓரங்களில் சிவப்பும் நீலமும் பச்சையும் சூழ்கின்றன. இன்னொன்று பெர்லினில். 1943இல் குண்டுக்கு இரையான கைசர் வில்ஹெல்ம் நினைவாலயத்தின் உடைந்த கோபுரத்தின் அருகே எகோன் ஐயர்மன் தேன்கூடுபோன்ற கான்கிரீட் சுவர்களால் 1961இல் ஓர் எண்கோண ஆலயம் எழுப்பினார். கூட்டின் கண்களை நிரப்பிய 20,000க்கும் மேற்பட்ட நீலக் கண்ணாடிகளைச் செய்துகொடுத்தவர் காப்ரியேல் லுவார். அவர் பிரெஞ்சுக்காரர், பட்டறை இருந்தது ஷார்த்ருவில். அந்த ஊரின் புகழ்பெற்ற நீலம் ஜெர்மானியத் தலைநகருக்கு இப்படிப் போய்ச் சேர்ந்தது. போர் முடிந்து பதினாறே ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

இதைவிடக் கனமான கதை மைன்ஸ் நகரத்தில் நடந்தது. அங்கே புனித ஸ்தேவான் ஆலயம் போரில் பெரிதும் அழிந்து, மீண்டும் கட்டப்பட்டு, சாதாரணக் கண்ணாடியோடு இருந்தது. பங்குத்தந்தை கிளவுஸ் மாயரின் தந்தை யூதர். நாஜி ஆட்சியில் அந்தக் குடும்பம் பட்டது அதிகம். 1973இல் மாயர் பிரான்சில் வாழ்ந்த மார்க் சகாலுக்குக் கடிதம் எழுதினார். சகால் ருஷ்யாவில் பிறந்த யூதர்; நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவுக்கு ஓடியவர். ஜெர்மனியில் ஒரு தேவாலயத்துக்கு அவர் ஏன் சன்னல் செய்ய வேண்டும்? உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மாயர் விடாமல் எழுதினார், நேரில் போய்ப் பேசினார். 1978இல் முதல் சன்னல் வந்தது. அப்போது சகாலுக்கு வயது 91. யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் பொதுவான பழைய ஏற்பாட்டுக் கதைகளே அதிகம். 1985 மார்ச்சில் அவர் இறந்தபோது ஒன்பது சன்னல்கள் முடிந்திருந்தன. மைன்ஸுக்கு அவர் ஒருமுறைகூட வரவில்லை. ஜெர்மன் தேவாலயங்களில் அவர் கைபட்டது இது ஒன்றுதான்.

சகால் கட்டடம் சொன்னதைக் கேட்டவரா? பறக்கும் தேவதூதர், தலைகீழ் மனிதர், ஆடு, மரம் எல்லாம் அவருடைய ஓவியங்களிலிருந்து அப்படியே இறங்கி வந்தவை. என் கணக்கு இடிக்கும் முதல் இடம் இது. ஆனால் அந்த ஆலயத்தின் படங்களை எடுத்துப் பாருங்கள். உருவங்கள் பிறகுதான் கண்ணில் படுகின்றன. முதலில் தெரிவது உள்வெளி முழுவதையும் நிரப்பியிருக்கும் நீலம். அந்த நீலத்தைச் சாதித்ததில் பாதிப் பங்கு ரீம்ஸ் நகரப் பட்டறைக்காரர் ஷார்ல் மார்க்குக்கு உரியது. பழைய முறையில் ஒரு துண்டுக் கண்ணாடிக்கு ஒரு நிறம். நிறம் மாற வேண்டுமானால் நடுவே ஈயப்பட்டை ஓட வேண்டும். மார்க்கும் அவர் மனைவி பிரிஜித் சிமோனும், வெளிர்க் கண்ணாடிமேல் மெல்லிய நிற அடுக்கு படிந்த தகடுகளை எடுத்து, அமிலத்தால் அந்த அடுக்கை வேண்டிய அளவு அரித்தார்கள். ஒரே துண்டில் ஆழ்ந்த நீலம் வெளிறி வெள்ளையாகும்வரை எல்லாத் தரங்களும் கிடைத்தன. அதன்பின் ஈயம் எல்லை கட்டும் வேலையிலிருந்து விடுபட்டுச் சகாலின் கோடாகவே மாறியது. சகால் கண்ணாடி என்று உலகம் புகழ்வதில் இந்தத் தம்பதியின் பெயரை யாரும் நினைப்பதில்லை.

இதே காலத்தில் ஜெர்மனியின் இன்னொரு மூலையில் ஒரு தோல்வியும் நடந்தது. ஹைடல்பெர்க் நகரத்தின் பரிசுத்த ஆவி ஆலயத்துக்கு யோஹானஸ் ஷ்ரைட்டர் ஒரு சன்னல் வரிசை வடித்துக் கொடுத்தார். விவிலியத்துக்குப் பதில் அந்தப் பல்கலைக்கழக நகரத்தின் அறிவுத் துறைகள்: மருத்துவம், இயற்பியல், இப்படி. இயற்பியல் சன்னல் மட்டும் 1984இல் பொருத்தப்பட்டது. ரத்தச் சிவப்பில், ஐன்ஸ்டீனின் சமன்பாடும், ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த 1945 ஆகஸ்டு 6 என்ற தேதியும் உள்ள சன்னல். நகரம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கடைசியில் மற்றவை வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். ஷ்ரைட்டர் பெரிய கலைஞர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தினமும் ஜெபிக்க வருகிறவர்களின் தலைக்குமேல் மருத்துவச் சன்னலின் இதயத்துடிப்பு வரைபடத்தைத் தொங்கவிடுவதற்கு அவர்கள் தயங்கினால் அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

இப்போது கோன்க். தெற்குப் பிரான்சின் மலைப்பள்ளத்தாக்கில் ஒரு சிறிய கிராமம். சந்தியாகோ யாத்திரை வழியில் இருப்பதால் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் இங்கே ஒரு பெரிய மடாலயம் எழுந்தது, புனித ஃபுவா பெயரில். தடித்த சுவர், அரைவட்ட வளைவு, உயர்ந்து ஒடுங்கிய நடுக்கூடம். ரோமானெஸ்க் பாணி. சற்றுத் தள்ளியிருக்கும் ரொடேஸ் நகரத்தில் 1919இல் பிறந்த பியர் சூலாஜ், பள்ளிப் பையனாக இந்த ஆலயத்துக்குள் நுழைந்தபோதுதான் கலையே தன் வாழ்க்கை என்று முடிவு செய்ததாகப் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். வளர்ந்து கறுப்பு ஓவியராகப் புகழ்பெற்றார். கறுப்பு ஓவியர் என்றால் கறுப்பு மட்டும்தான்: திரை முழுக்கத் தடித்த கறுப்பைப் பூசி, அதன் மேடுபள்ளங்களில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதையே ஓவியமாக்கியவர்.

1986இல் பிரெஞ்சு அரசு கோன்க்கின் சன்னல்களை அவரிடம் ஒப்படைத்தது. 104 திறப்புகள். அப்போது அங்கே கண்ணாடி இல்லாமல் இல்லை. போருக்குப் பின் பொருத்திய உருவச் சன்னல்கள், நல்ல அழுத்தமான வண்ணங்களில் இருந்தன. ஊர்க்காரர்களில் பலருக்கு அவை பிடித்திருந்தன. கறுப்புக்காரர் வந்து எங்கள் ஆலயத்தை இருட்டாக்கப் போகிறார் என்று எதிர்த்தார்கள்.

சூலாஜ் செய்தது இருட்டுக்கு நேர்மாறு. ஒரு நிறமும் வேண்டாம் என்றார். சுவரின் கல்லில் ஏற்கெனவே நிறம் இருக்கிறது, அதைக் கெடுக்காத ஒளி போதும். அதேநேரம் வெளியில் இருக்கும் மரமும் வீடும் உள்ளே தெரியக் கூடாது. ஒளி வர வேண்டும், பார்வை போகக் கூடாது. உறைபனிக் கண்ணாடி என்று கடையில் கிடைப்பதைப் போட்டால் இது எளிதில் தீர்ந்துவிடும். ஆனால் அதில் ஒளி எல்லா இடத்திலும் ஒரே சீராக வரும், உயிர் இருக்காது. அவருக்கு வேண்டியது, ஒரே தகட்டுக்குள் ஓர் இடத்தில் அடர்ந்தும் ஓர் இடத்தில் விட்டும் வரும் ஒளி. அப்படி ஒரு கண்ணாடி உலகத்தில் இல்லை. எனவே கண்ணாடியையே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மார்சேயில் சோதனை, ஜெர்மனியில் சோதனை என்று ஆண்டுகள் போயின. கடைசியில் கைகொடுத்த முறை இது: நிறமற்ற கண்ணாடியை நொய்யும் குருணையுமாக உடைத்துச் சலித்து, ஓரிடத்தில் நொய், ஓரிடத்தில் குருணை என்று பரப்பி, முழுக்க உருகிவிடாமல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சூளையில் சூடாக்குவது. குருணையின் அளவுக்கேற்ப ஒளி சிதறும் அளவும் மாறியது.

ஈயப்பட்டைகளை அவர் நேர்க்கோட்டில் ஓடவிடவில்லை. சற்றே வளைந்த சாய்வுக் கோடுகள், ஒரு சன்னலில் மேல்நோக்கி எழும், அடுத்ததில் இறங்கும். துலூஸ் பட்டறைக்காரர் ழான்-டொமினிக் ஃபிளூரியோடு ஏழு ஆண்டு உழைப்புக்குப் பின் 1994இல் வேலை முடிந்தது. முடிந்தபின்தான் ஒரு விஷயம் தெரிந்தது. நிறமே இல்லாத அந்தக் கண்ணாடி நாள் முழுக்க நிறம் மாறுகிறது. காலை ஒளியில் ஒருபுறம் நீலம் பாய்ந்து நிற்கிறது, சாயங்காலம் மறுபுறம் ஆரஞ்சு ஏறுகிறது. இந்த நிறங்கள் எல்லாம் வெளியில் இருக்கும் வானத்திலிருந்து வருபவை. வெளியிலிருந்து பார்த்தாலோ கறுப்பு ஓட்டையாகத் தெரிய வேண்டிய சன்னல் ஒளியைத் திருப்பி அனுப்பிக் கல்லோடு கல்லாக நிற்கிறது. வண்ணக்கண்ணாடியை வெளியிலிருந்து பார்க்க வைத்தவர் இந்தத் தொடரில் இதுவரை யாருமில்லை.

என்னைக் கேட்டால் 20ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த தேவாலயச் சன்னல்கள் இவைதாம். சூலாஜ் எந்த மதத்தையும் பின்பற்றியவர் அல்ல. அந்தக் கட்டடத்தைச் சிறுவயதிலிருந்து காதலித்தவர், அவ்வளவுதான். எதிர்த்த ஊரில் இன்று அவர் சன்னல்களைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். ரொடேஸில் 2014இல் திறந்த அவருடைய அருங்காட்சியகத்தில் கோன்க்குக்காக முழு அளவில் வரைந்த வரைபடங்களையும் வைத்திருக்கிறார்கள். 2022இல் 102 வயதில் மறைந்தார்.

கொலோன் கதை இதற்கு எதிர்த்துருவம். அங்கே கணினி வருகிறது.

1248இல் தொடங்கி, பாதியில் நின்று, 1880இல் முடிந்த அந்தப் பேராலயத்தை முன்பே பார்த்திருக்கிறோம். போரின்போது இடைக்காலக் கண்ணாடிகளைக் காப்பாற்றிவிட்டார்கள். தெற்குக் குறுக்குக் கூடத்தின் 19ஆம் நூற்றாண்டுப் பெருஞ்சன்னல், பிரஷ்ய அரசகுடும்பம் கொடுத்தது, நொறுங்கிவிட்டது. 1948இல் ஏதோ ஒரு வெளிறிய கண்ணாடியைப் போட்டுவைத்தார்கள். தெற்கு முகம் என்பதால் உச்சிவெயில் அப்படியே உள்ளே கொட்டி மற்ற சன்னல்களைப் பார்க்கவிடாமல் கூசச் செய்தது. 2000க்குப் பிறகு இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார்கள். எடித் ஸ்டைன், மாக்ஸிமிலியன் கோல்பே போன்ற 20ஆம் நூற்றாண்டு மறைசாட்சிகள் ஆறு பேரை வரைய வேண்டும் என்பது பேராலயக் குழுவின் விருப்பம். கட்டடப் பொறுப்பாளர் பார்பரா ஷாக்-வெர்னர், அதே ஊரில் குடியிருந்த கெர்ஹார்ட் ரிக்டரை அணுகினார்.

ரிக்டர் உருவங்களை வரைந்து பார்த்தார், வரவில்லை. கைவிடும் நிலையில், 1974இல் தான் தீட்டிய '4096 நிறங்கள்' என்ற ஓவியத்தின் படத்தின்மேல் சன்னலின் கல்சட்ட வடிவில் வெட்டிய அட்டையைத் தற்செயலாக வைத்தார். அந்த ஓவியம் வேறொன்றுமில்லை, 64க்கு 64 என்று வரிசையாக அடுக்கிய நிறச் சதுரங்கள். அட்டையின் கூர்வளைவுகளுக்குள் அந்தச் சதுரங்களைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது.

பேராலயத்தின் பழைய கண்ணாடிகளில் உள்ள நிறங்களை ஒட்டி 72 நிறங்களைத் தேர்ந்தார்கள். பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான பக்கமுள்ள 11,000க்கும் மேற்பட்ட சதுரங்கள், வாயால் ஊதிய கண்ணாடியில் வெட்டியவை. எந்தச் சதுரம் எங்கே என்பதைக் கணினி குருட்டுச் சீட்டுக் குலுக்கலாக முடிவு செய்தது. ஆனால் முழுச் சன்னலுக்கும் அல்ல. ஆறு நெடும்பத்திகளில் பாதியைத்தான் குலுக்கல் நிரப்பியது. மற்ற பாதி அதன் எதிர்ப்பிம்பம். முதலாவதும் மூன்றாவதும் ஜோடி, இரண்டாவதும் ஐந்தாவதும் ஜோடி, நான்காவதும் ஆறாவதும் ஜோடி. இது தெரியாமல் பார்க்கிறவருக்கும் ஏதோ ஓர் ஒழுங்கு தட்டுப்படும், எங்கே என்று சொல்லத் தெரியாது. சில இடங்களில் ஓவியரும் கைவைத்து மாற்றினார். சதுரங்களை இணைக்க ஈயம் பயன்படவில்லை. பின்னால் ஒரு தாங்குகண்ணாடி, அதன்மேல் சிலிக்கோன் கொண்டு ஒட்டியவை. ரிக்டர் சம்பளம் வாங்கவில்லை. ஏறத்தாழ 3,70,000 யூரோ செலவை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நன்கொடையாகக் கொடுத்தார்கள்.

2007 ஆகஸ்டு 25 அன்று திறப்புவிழா. கொலோன் பேராயர் கர்தினால் மைஸ்னர் வரவில்லை. இந்தச் சன்னல் ஒரு மசூதிக்கோ வேறு ஜெபக்கூடத்துக்கோ பொருந்தும், இந்தப் பேராலயத்துக்குப் பொருந்தாது என்று பத்திரிகையில் சொன்னார். நம் நம்பிக்கையைக் காட்டும் சன்னல் வேண்டும், ஏதோ ஒரு நம்பிக்கையை அல்ல என்பது அவர் கட்சி. ஜெர்மன் பத்திரிகைகள் கர்தினாலைக் கிழித்துத் தொங்கவிட்டன. அவர் சொன்னதன் மசூதிப் பகுதி அசட்டுத்தனம். அந்தப் பேராலயத்தின் இடைக்கால அரசர் சன்னல்களிலேயே உருவத்துக்கு மேலே பெரும்பகுதி வெறும் அலங்கார வடிவம்தான். ஆனால் அவருடைய மற்ற கேள்வி நியாயமானது. ஆறு மறைசாட்சிகளைக் கேட்டவர்களுக்கு 72 நிறங்கள் கிடைத்தன. நாஜிகள் கொன்றவர்களை நினைக்க வேண்டிய இடத்தில், அவர்களின் முகம் ஒன்றுகூட இல்லாமல், சீட்டுக் குலுக்கல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை வெற்றி என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது சரியாகாது.

அப்படியும் ரிக்டர் பக்கம்தான் நான். காரணம், அந்தச் சதுரங்களைச் சட்டத்திலிருந்து பிரித்தால் ஒன்றுமில்லை, தையற்கடை நிறப்பட்டியல். கூர்வளைவும் ஆறு பத்திகளும் மேலே வட்டமுமாகக் கல் இருப்பதால்தான் அது சன்னல். நடுப்பகல் வெயில் ஏறும்போது தூணும் தரையும் நிறமாகின்றன, கண் கூசுவதில்லை. கட்டடத்துக்கு இருந்த நோய் தீர்ந்தது.

மற்றவற்றை விரைந்து பார்ப்போம். ஜூரிச் நகரின் குரோஸ்மூன்ஸ்டர், 1524இல் ஸ்விங்லியின் சீர்திருத்தம் படங்களை எல்லாம் வெளியே எறிந்த இடம். அங்கே சிக்மார் போல்கே 2009இல் பன்னிரண்டு சன்னல்கள் முடித்தார். ஐந்தில் பழைய ஏற்பாட்டு உருவங்கள், ஏழில் அகேட் கல்லை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பொருத்திய கல்சன்னல்கள். படம் கூடாது என்ற ஆலயத்தில் கல்லையே படமாக்கியது நல்ல குறும்பு. 1914இல் ஜெர்மன் பீரங்கிகள் எரித்த ரீம்ஸ் பேராலயத்துக்கு ஜெர்மானியர் இமி க்னோபெல் 2011இல் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகச் சன்னல்கள் செய்தார். ஜெர்மனியின் தோலை மடாலயத்தில் 2020இல் மூன்று சன்னல்கள் ரிக்டருடையவை. மற்ற சன்னல்களை உருவங்களோடு செய்தவர் ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் பிறந்து மியூனிக்கில் வாழும் மஹ்பூபா மக்சூதி, இஸ்லாமியக் குடும்பத்துப் பெண். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 2018இல் டேவிட் ஹாக்னி ஐபேடில் வரைந்து வைத்த ராணி சன்னல், யார்க்‌ஷயரின் பூத்த புதர்கள். ஹாக்னியை எனக்குப் பிடிக்கும். இந்தச் சன்னல் அந்தக் கல்லுக்குள் மாட்டிய ஹாக்னி படமாகவே நிற்கிறது.

கடைசியாகப் பாரிஸ். பழைய ஆலயத்தில் நவீனச் சன்னல் என்பது அங்கே புதுச் சண்டையும் அல்ல. 1937 உலகக் கண்காட்சியில் காட்டிய நவீனச் சன்னல்களை நோத்ர்தாமில் பொருத்திப் பார்த்தபோதே பெரும் கூச்சல் எழுந்தது. போர் வந்தது, அவை கழன்றன. நடுக்கூடத்தின் மேல்வரிசைக்கு 1960களில் ழாக் லெ ஷெவாலியே செய்தவை வந்தன. 2019 ஏப்ரல் 15 தீயில் கூரையும் கூர்கோபுரமும் போயின, கண்ணாடிகள் தப்பின. 2023 டிசம்பரில் அதிபர் மக்ரோன், பேராயரின் விருப்பத்தை ஏற்று, தெற்குப் பக்கச் சிற்றாலயங்களில் ஆறு புதுச் சன்னல்கள் வரும் என்று அறிவித்தார். அவை வர வேண்டுமானால் 19ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-டுக் வடித்த ஆறு சன்னல்கள் இறங்க வேண்டும். அவற்றில் ஒரு கீறல் இல்லை. தேசிய மரபுக் குழு 2024 ஜூலையில் ஒருமனதாக எதிர்த்தது. எதிர்ப்பு மனுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அப்படியும் அந்த டிசம்பரில் ஓவியர் கிளேர் தபூரே தேர்வானார். செய்துகொடுப்பது ரீம்ஸின் சிமோன்-மார்க் பட்டறை, சகாலுக்குக் கண்ணாடி அரித்துக் கொடுத்த அதே பட்டறை. பொருள், பரிசுத்த ஆவி இறங்கிவந்த பெந்தகோஸ்தே நாள்.

தபூரே உருவங்களோடு வரைகிறார். மைஸ்னர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். வரைவு மோசம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் கவென்ட்ரி, மைன்ஸ், கொலோன், ரீம்ஸ் எல்லாவற்றிலும் ஓட்டை முதலில் இருந்தது, ஓவியர் பிறகு வந்தார். இங்கே ஓவியருக்காக ஓட்டை போடுகிறார்கள். கோன்க்கில் மட்டும் என்ன, அங்கேயும் இருந்த கண்ணாடியை எடுத்தார்களே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே எடுத்தவை அரை நூற்றாண்டு வயதுகூட ஆகாதவை, கட்டடத்தின் காலத்தோடு சம்பந்தம் இல்லாதவை. வியொலே-லெ-டுக்கின் சன்னல்கள் அப்படி அல்ல. நோத்ர்தாமின் இன்றைய முகமே பாதி அவர் கொடுத்தது; தீக்குப்பின் அவருடைய கூர்கோபுரத்தை அச்சு மாறாமல் திரும்பக் கட்டியவர்கள், அவருடைய கண்ணாடியை மட்டும் இறக்குவதற்கு ஏற்கத்தக்க ஒரு காரணமும் சொல்லவில்லை. அந்த ஆறும் அங்கேயே இருக்க வேண்டியவை என்பது என் தீர்ப்பு. புதியவற்றை 2026 இறுதிக்குள் பொருத்துவது அரசின் திட்டம்.

அடுத்த அத்தியாயத்தில் வண்ணக்கண்ணாடி தேவாலயத்தை விட்டு வெளியே வருகிறது. தேவாலயம்போல் வளைவுக் கூரையோடு 1829இல் பிலடெல்பியாவில் திறந்த ஒரு சிறைச்சாலைக்கும், அதன் கொட்டடிகளுக்கு வண்ணக்கண்ணாடி செய்த ஜூடித் ஷெக்டர் என்ற கலைஞரிடமும் போவோம்.

(தொடரும்)